வின்சென்ட் தே பவுல் கிளைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஒரு குடும்பத்தை முதலில் சந்திப்பதிலிருந்து அதன் கோப்பு மூடப்படும் வரை

சென்னையில் பல கத்தோலிக்கப் பங்குகளில் (பங்கு என்பது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்களின் வட்டாரம்), ஏழைக் குடும்பங்களை வீடு தேடிப் போய் உதவும் வின்சென்ட் தே பவுல் சபையின் கிளை ஒன்று இருக்கும். கான்பரன்ஸ் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். ஞாயிறு பூசைக்குப் பிறகு பத்துப் பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, யார் வீட்டுக்கு யார் போவது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அதில் புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லோருமே நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் முதல் மூன்று மாதத்தில் ஒரே மாதிரியான இடங்களில் தடுமாறுகிறார்கள். அரிசியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள், அரசு உதவிக்கான காகிதங்களைத் தலைகீழ் வரிசையில் தேடுகிறார்கள், கிளைக் கூட்டத்தைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்ற திருச்சபைகளின் நலக் குழுக்களில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. போவதற்கு முன்பு

ஒரு குடும்பத்தின் பெயர் உங்களிடம் வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். யார் சொல்லி வந்தது என்று முதலில் கேளுங்கள். அவர்களே கேட்டார்களா, அன்பியத்தில் (பங்குக்குள் பக்கத்து வீட்டார் கூடும் சிறு குழுவில்) யாராவது சொன்னார்களா, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரா? பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வந்த பெயர் என்றால், நாம் வருவது அந்தக் குடும்பத்துக்கே தெரியாமல் இருக்கலாம். அப்படியானால் வரலாமா என்று முன்கூட்டியே ஒரு போன் செய்து கேட்டுவிடுவது மரியாதை.

அடுத்து, அந்த வீட்டுக்கு ஏற்கெனவே வேறு யாராவது உதவுகிறார்களா என்று செயலாளரிடம் பழைய பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கோயிலில் ஏழைகளுக்காக வைத்திருக்கும் அந்தோணியார் உண்டியலில் இருந்து பங்கு அலுவலகம் மாதம் ஏதாவது கொடுத்துக்கொண்டிருக்கும். அது நம் கிளைக்குத் தெரியாமலேயே இருக்கும். அதைத் தெரிந்துகொள்வது அவர்களைப் பிடிப்பதற்காக இல்லை. ஒரே தேவையை இரண்டு பேர் நிரப்பிவிட்டு, இன்னொரு தேவையை யாருமே பார்க்காமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காக.

கையில் ஒரு சிறிய நோட்டு, பேனா, வேலை செய்கிற போன் போதும். பெரிய படிவங்கள் வேண்டாம். படிவத்தைப் பார்த்ததும் வீட்டில் இருப்பவர்கள் விண்ணப்பதாரர் ஆகிவிடுவார்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

2. இருவராகப் போங்கள், மூட்டை இல்லாமல் போங்கள்

தனியாகப் போகக் கூடாது என்பது சபையின் பழைய வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. ஒருவர் பேசும்போது இன்னொருவர் கேட்கலாம், பார்க்கலாம். பின்னால் ஏதாவது பேச்சு வந்தால் இருவரும் சாட்சி. வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தால் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

முதல் முறை அரிசி மூட்டையோடு போகாதீர்கள். இதைச் சொன்னால் புதியவர்கள் வருத்தப்படுவார்கள். ஆனால் நீங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நுழையும்போது தெருவே பார்க்கிறது. அது தவிர, அந்த வீட்டுக்கு என்ன தேவை என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. ரேஷன் அரிசி இருக்கும், சமைக்க கேஸ் இருக்காது. மூட்டையை நடுவில் வைத்துவிட்டால் பேச்சு முழுக்க நன்றி சொல்வதாகவே போய்விடும். மாத்திரை தீர்ந்துவிட்டது, பையன் பள்ளிக்குப் போகவில்லை என்பதெல்லாம் வெளியே வராது.

அதற்காக வெறும் கையோடும் போக வேண்டாம். தோள் பையில் ரொட்டி, வாழைப்பழம், ஒரு பால் பாக்கெட் இருக்கட்டும். அன்றைக்கு அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தால் சத்தமில்லாமல் கொடுத்துவிடலாம். தேவைப்படவில்லை என்றால் பையிலேயே இருக்கட்டும்.

வாசலில் நின்று, “மாதா கோயில்ல இருந்து வந்திருக்கோம்மா, உள்ளே வரலாமா?” என்று கேளுங்கள். கூப்பிட்ட பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். தரையில் பாய் போட்டால் பாயில் உட்காருங்கள். காபி கொடுத்தால் குடியுங்கள். அந்தக் காபியை மறுப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறுகளில் எனக்கு மிகவும் வலிப்பது. கஷ்டப்பட்டவர்களுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று நினைத்துத்தான் மறுக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டம்மா கொடுக்க முடிந்தது அன்றைக்கு அது ஒன்றுதான்.

3. கேட்கும் முறை

“உங்களுக்கு என்ன வேணும்?” என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரும் பணம் என்றுதான் சொல்வார்கள், நாமும் அப்படித்தான் சொல்வோம். “நேத்து எப்படிப் போச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். காலையில் யார் எழுந்தார்கள், தண்ணீர் எங்கே பிடித்தார்கள், யார் வேலைக்குப் போனார்கள் என்று ஒரு நாளைச் சொல்லும்போது வருமானம், நோய், கடன், குடி எல்லாம் தானாக வந்துவிடும்.

முதல் நாள் கேட்கக் கூடாதவை மூன்று: கணவர் ஏன் விட்டுப் போனார், எவ்வளவு கடன், பூசைக்கு ஏன் வருவதில்லை. முதல் இரண்டும் அவர்களாகச் சொல்ல வேண்டியவை. மூன்றாவது எப்போதுமே கேட்க வேண்டாதது. இந்தச் சபையின் உதவி எந்த மதத்தவருக்கும் உரியது. இந்துக் குடும்பத்திலோ முஸ்லிம் குடும்பத்திலோ போய் ஜெபிக்கலாமா என்று நீங்களாகக் கேட்காதீர்கள். உதவி வேண்டி நிற்கிறவரால் அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவர்களே கேட்டால் அது வேறு.

வீட்டுக்குள் போட்டோ எடுக்க வேண்டாம். அரிசி வாங்கும்போது எடுத்த ஒரு படம் வாட்ஸாப்பில் சுற்றி, அந்த வீட்டுப் பெண் படிக்கும் பள்ளிவரை போனதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் எங்களுக்குக் கதவைத் திறக்கவில்லை.

நோட்டை வீட்டுக்குள் திறக்காமல், தெருமுனைக்கு வந்ததும் இருவரும் நின்று எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் எழுதினால் பாதி மறந்துவிடும்.

4. கூட்டம் வரை காத்திருக்கக் கூடாதவை

பொதுவாக எந்த முடிவும் கூட்டத்தில்தான். ஆனால் நான்கு விஷயங்களில் அன்றே செயல்பட வேண்டும்: பசி, உயிருக்கு ஆபத்தான நோய், அடி உதை, ஆபத்தில் இருக்கும் குழந்தை.

பசிக்குப் பையில் இருப்பது போதும்; அடுத்த வேளைக்குப் பக்கத்து அம்மா உணவகத்தைக் காட்டலாம். நோய்க்கு 108. பெண்களுக்கு 181. தனியாக விடப்பட்ட முதியவர் என்றால் 14567. மனம் உடைந்து விபரீதமாகப் பேசுகிறவர் என்றால் 14416. அவரைத் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். தெருவில் படுத்திருப்பவர் என்றால் மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லி, வீடற்றோர் காப்பகத்தில் இடம் கேட்கலாம். இந்த எண்களை இப்போதே போனில் பதிந்து வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

குழந்தை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தெரிந்த சிஸ்டர்கள் நடத்தும் இல்லத்தில் உடனே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். எந்த இல்லம் என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்யும். 1098-க்கு அழைத்தால் அவர்கள் வழிநடத்துவார்கள். குழுவின் உத்தரவு இல்லாமல் குழந்தையைச் சேர்த்தால் இல்லத்துக்குச் சிக்கல், பின்னால் பெற்றோர் திரும்பக் கேட்கும்போது குழந்தைக்கும் சிக்கல்.

5. கூட்டத்தில் வைப்பது

வீட்டில் எந்தத் தொகையையும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். “பார்த்துச் சொல்றோம்மா, வர்ற ஞாயிறுக்குள்ள போன் பண்றோம்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். நீங்கள் ஐயாயிரம் என்று சொல்லி, கூட்டம் இரண்டாயிரம் என்று முடிவு செய்தால், அவர்கள் மூவாயிரத்தை இழந்ததாகவே உணர்வார்கள். அதேபோல, ஞாயிறு என்று சொன்னால் ஞாயிறு போன் செய்தே ஆக வேண்டும், முடிவு எடுக்கப்படவில்லை என்றாலும் கூட.

கூட்டத்தில் சொல்லும்போது பார்த்ததையும் கேட்டதையும் பிரித்துச் சொல்லுங்கள். “வீட்டுக்காரர் குடிக்கிறார்” என்பது கேட்டது. “பகல் பதினோரு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தார்” என்பது பார்த்தது. இரவுக் காவல் வேலை செய்கிறவரும் அப்போதுதான் தூங்குவார்.

அந்த அறையில் பேசியது அந்த அறையோடு நிற்க வேண்டும். உங்கள் வீட்டிலும் சொல்லக் கூடாது. ஒரே பங்கு, ஒரே மார்க்கெட், ஒரே பள்ளி. செய்தி போய்ச் சேர இரண்டு நாள் போதும்.

6. எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது

மளிகைக்கு, தெரிந்த கடையில் ஒரு தொகைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதுதான் என் அனுபவத்தில் சிறந்தது. அவர்களே போய், தங்களுக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். நாம் கட்டிக் கொடுக்கும் பையில் துவரம் பருப்பு இருக்கும். அவர்களுக்கு வேண்டியது நாப்கின், சோப்பு, பாட்டிக்கு ஓட்ஸ். இதெல்லாம் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

வாடகைப் பாக்கியை வீட்டு உரிமையாளரிடம் நேரடியாகக் கட்டுவது கணக்குக்கு நல்லது. ஆனால் கோயிலில் இருந்து பணம் வந்தது என்று தெரிந்தால், சில உரிமையாளர்கள் இனி வாடகை வராது என்று பயந்து காலி செய்யச் சொல்கிறார்கள். எனவே முதலில் குடும்பத்திடம் கேளுங்கள். அவர்கள் தயங்கினால் அவர்கள் கையிலேயே கொடுத்து, உரிமையாளரிடம் ரசீதோ, ஜிபே அனுப்பிய படமோ வாங்கித் தரச் சொல்லுங்கள்.

கந்துவட்டிக் கடனை மட்டும் அடைக்க முன்வராதீர்கள். நாம் அடைத்தது தெரிந்ததும் அதே ஆள் மறுபடியும் கொடுப்பார், இந்த முறை நம்மை நம்பி. ஏ.டி.எம். கார்டையோ ரேஷன் கார்டையோ அடகு வாங்கி வைத்திருக்கிறார் என்றால் அதை மீட்பதுதான் முதல் வேலை. ரேஷன் கார்டு நகலை இ-சேவை மையத்தில் கேட்கலாம், ஏ.டி.எம். கார்டை வங்கியில் முடக்கிப் புதிதாக வாங்கலாம். மிரட்டல் இருந்தால் 2003 கந்துவட்டித் தடைச் சட்டப்படி காவல்துறையில் புகார் கொடுக்கலாம். ஆனால் அந்த முடிவைக் குடும்பம்தான் எடுக்க வேண்டும். நாளை அந்தத் தெருவில் இருக்கப் போவது அவர்கள்.

7. காகிதங்களின் வரிசை

கிளை மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுக்கலாம். அதுவும் சில மாதங்களுக்குத்தான். அரசு உதவித்தொகை ஒரு முறை வந்துவிட்டால் வருடக்கணக்கில் வரும். 2023 ஆகஸ்ட் முதல் முதியோருக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் மாதம் 1,200 ரூபாய் என்று உயர்த்தினார்கள். எனவே நம் நேரத்தில் பாதிக்கு மேல் இந்த வேலைக்குத்தான் போக வேண்டும். அரிசி கொடுக்கப் பத்துப் பேர் கிடைப்பார்கள். தாலுகா அலுவலகத்துக்கு உடன் வர ஒருவர் கிடைப்பதே அபூர்வம்.

கணவரை இழந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். வரிசை இதுதான்:

முதலில் போன் எண். ஆதாரோடு இணைந்த எண் இப்போதும் அவர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இறந்த கணவரின் எண்ணோ, ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன எண்ணோதான் இருக்கும். ஓ.டி.பி. வராமல் ஆன்லைனில் எதுவும் நகராது. ஆதார் சேவை மையத்தில் இதை மாற்றிய பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.

இரண்டாவது, பெயர். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா? நம் மக்களிடம் இது கூடுதல் சிக்கல். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, ஆதாரில் ஏறியது இன்னொன்று. எந்தப் பெயர் என்று முடிவு செய்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். இதைச் செய்யாமல் விண்ணப்பித்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து நிராகரிப்பு வந்ததும் அலுவலகத்தைத் திட்டுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

மூன்றாவது, இறப்புச் சான்றிதழ். இறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டால் மேல் அதிகாரியின் உத்தரவு வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இறந்தவர்களுக்குத்தான் விடுபட்டுப் போகிறது. கீழ்ப்பாக்கத்திலோ காசிமேட்டிலோ கல்லறையில் அடக்கம் செய்த ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். அடக்கத்துக்குப் போகிற கிளை உறுப்பினரே அன்றைக்கு இதை நினைவுபடுத்திவிட்டால் ஆறு மாத அலைச்சல் மிச்சம். மாநகராட்சியில் பதிவாகிவிட்டால் சான்றிதழை அதன் இணையதளத்தில் இருந்து இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது, ரேஷன் கார்டில் கணவர் பெயரை நீக்கி, குடும்பத் தலைவர் பெயரை மாற்றுவது. ஐந்தாவது, வாரிசுச் சான்றிதழ். கோயிலில் திருமணம் நடந்திருந்தால் பதிவேட்டின் நகலைப் பங்கு அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உறவைக் காட்டக் கைகொடுக்கும். ஆறாவது, வருமானச் சான்றிதழும் ஆதரவற்ற விதவைச் சான்றிதழும். இவை எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பலகையில் போட்டிருக்கும் கட்டணத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வெளியே வர வேண்டாம். அந்தச் சீட்டின் எண்தான் பிறகு எல்லாக் கேள்விக்கும் பதில்.

இவ்வளவும் ஆன பிறகுதான் உதவித்தொகை விண்ணப்பம். அது சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கான தனி வட்டாட்சியரிடம் போகும். கள விசாரணைக்கு ஆள் வருவார். அப்போது வீடு பூட்டியிருந்தால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும். வீட்டு வேலைக்குப் போகிறவர் என்றால் பக்கத்து வீட்டில் போன் எண்ணைக் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். பணம் போக வேண்டிய வங்கிக் கணக்கு நடப்பில் இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்பதையும் அதற்குள் பார்த்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அசல் காகிதங்களை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், பத்திரமாக இருக்கும் என்று அவர்களே கொடுத்தாலும். நகல் மட்டும் போதும். நீங்களே எல்லா அலுவலகத்துக்கும் போய் முடித்துக் கொடுப்பதும் வேண்டாம். அவரை முன்னால் நிறுத்தி நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். நேரம் கூடுதலாகும், பரவாயில்லை. அடுத்த முறை அவர் தனியாகப் போவார், அதற்கடுத்த முறை பக்கத்து வீட்டுக்காரியை அழைத்துக்கொண்டு போவார்.

8. மருத்துவமனை

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. யாருக்கும் நோய் இல்லாதபோதே இந்த அட்டையை வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம். வருமானச் சான்றிதழ் கையில் வந்ததும், ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போகலாம்.

அறுவைச் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்று ஒரு குடும்பம் வந்தால், பணம் திரட்டத் தொடங்காதீர்கள். முதல் கேள்வி, இந்த மருத்துவமனை இந்தத் திட்டத்தில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்பதுதான். இல்லையென்றால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் என்று எது பக்கமோ அங்கே ஓ.பி. சீட்டுப் போட்டுப் பார்க்கலாம். கிளையின் பணம் அப்புறம் எதற்குத் தேவைப்படும் என்றால், உடன் இருப்பவரின் சாப்பாடு, ஆட்டோ, அவர் இழக்கும் நாள் கூலி. அரசு மருத்துவமனையில் சிகிச்சை பாதியில் நிற்பது பெரும்பாலும் இவற்றால்தான்.

9. பிள்ளைகளின் படிப்பு

கட்டணப் பாக்கிக்காகப் பழைய பள்ளியில் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) தரவில்லை, அதனால் பிள்ளை வீட்டில் இருக்கிறது என்று சொன்னால் அன்றே பக்கத்து அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை டி.சி. இல்லை என்று சேர்க்கையை மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது. டி.சி. பிறகு வரட்டும். பிள்ளை வீட்டில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் அதை வேலைக்குத் தள்ளும்.

பெண் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டம் உண்டு. 2024-இல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். நம் பங்குப் பள்ளிகளில் பல அந்த வகைதான். பலருக்கு இது தெரியவில்லை.

10. வீடு மாறிப் போனால்

கூவம், அடையாறு கரையோரம் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பியபோது, பல கிளைகள் குடும்பங்களைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டன. எல்லை தாண்டிவிட்டார்கள் என்பது காரணம். இது எனக்கு ஏற்பில்லை. வேலை செய்த வீடுகள், பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்து நிற்கும்போதுதான் தெரிந்த முகம் தேவை.

செய்ய வேண்டியது: அந்தப் பகுதிப் பங்கின் கிளைத் தலைவருக்குப் போன் செய்யுங்கள். முதல் முறை நீங்களே போய் அவர்களையும் குடும்பத்தையும் அறிமுகப்படுத்துங்கள். ரேஷன் கார்டு முகவரி, பள்ளி மாற்றம், தொடரும் மாத்திரை இந்த மூன்றின் நிலையையும் எழுதிக் கொடுங்கள். கடன், குடும்பச் சண்டை போன்றவற்றை எழுத வேண்டாம். அதைச் சொல்வதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

11. பணக் கணக்கு

ஒவ்வொரு கூட்டத்திலும் சுற்றிவரும் பையில் யார் எவ்வளவு போட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பை எண்ணப்பட்ட பிறகு ஒவ்வொரு ரூபாய்க்கும் பொருளாளரிடம் கணக்கு இருக்க வேண்டும். உங்கள் சொந்தப் பணத்தில் தனியாகக் கொடுப்பதைத் தவிருங்கள். அடுத்து அந்த வீட்டுக்குப் போகிறவரிடம் அதே எதிர்பார்ப்பு இருக்கும்.

வெளிநாட்டில் இருந்து வரும் பணத்தில் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை செய்யும் தம்பி தன் சம்பளத்தில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் ஆகும், எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. உறுப்பினரின் சொந்தக் கணக்குக்கு வாங்கி மாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

12. குடும்பத்தின் கோப்பு மூடப்படுவது

ஒரு குடும்பத்தை எடுக்கும்போதே, எது நடந்தால் மாத உதவியை நிறுத்தலாம் என்று கூட்டத்தில் எழுதி வையுங்கள்: உதவித்தொகை வரத் தொடங்கியதும், பையன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆனதும் என்பது போல. இது இல்லாவிட்டால் எட்டு வருடம் அரிசி போய்க்கொண்டே இருக்கும், புதிய பெயர்கள் காத்துக்கொண்டே இருக்கும்.

நிறுத்தப்போவதை இரண்டு மாதம் முன்பே நேரில் சொல்லுங்கள். போனில் வேண்டாம். அப்போதே அவர்கள் கையில் இருக்கும் காகிதங்களை ஒரு முறை சேர்ந்து பாருங்கள்: அட்டைகள் எங்கே, ஒப்புகை எண்கள் எங்கே, எந்தச் சான்றிதழ் எப்போது புதுப்பிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மழை வந்தாலும் நனையாத உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். சென்னையில் டிசம்பர் வெள்ளத்தில் போன காகிதங்களைத் திரும்ப வாங்க எத்தனை நாள் ஆனது என்று எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்வார்கள்.

உதவி நின்ற பிறகும் மூன்று மாதம் கழித்து ஒரு முறை போங்கள். அந்த முறை நோட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.